வெங்காயத்துக்கு அரைப் பக்கம், ஸ்டீராய்டுக்கு ஒரு வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் கருப்பு பூஞ்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரில் படியும் கருப்பு, வெங்காயத் தோலில் இருக்கும் கருப்பு, துவைக்காத மாஸ்க் என்று நோய்க்குக் காரணங்களாக அரைப் பக்கத்துக்கு எழுதியவர், கொரோனாவுக்கு எடுத்த ஸ்டீராய்டு விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் மெடிக்கல் கடையில் மருந்தாளுநர். 2021 மே, ஜூனில் இந்த நோய்க்கான ஆம்போடெரிசின் மருந்து எங்கே கிடைக்கும் என்று சீட்டோடு கடை கடையாக அலைந்தவர்களைப் பார்த்தவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெங்காயத் தோலில் இருப்பது வேறு பூஞ்சை. இந்த நோயைத் தருவது மண்ணிலும் மக்கும் இலையிலும் சாணத்திலும் எப்போதும் இருப்பது, அதன் வித்துகளை நாம் எல்லோருமே மூச்சில் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. அப்படியானால் அந்த வருடம் மட்டும் ஏன் அத்தனை பேர்? 2021 ஜூன் கடைசியில் மத்திய அரசு சொன்ன கணக்குப்படி நாட்டில் 40,845 பேருக்கு மியூகார்மைகோசிஸ் (கருப்பு பூஞ்சையின் மருத்துவப் பெயர்), அதில் 3,129 பேர் இறந்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 64 சதவீதம் சர்க்கரை நோயாளிகள், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். கட்டுரை இங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு, தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் என்று கொடுத்து, ஆக்ஸிஜனிலும் வென்டிலேட்டரிலும் இருந்த கொரோனா நோயாளிகளின் உயிரிழப்பு குறைந்ததைக் காட்டியது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் வந்தது. ஆனால் இங்கே நடந்தது என்ன? யாருக்கோ எழுதிய சீட்டு வாட்ஸ்அப்பில் சுற்றியது, வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தவர்களும் அதையே காட்டி வாங்கிப் பத்து நாளையும் தாண்டிச் சாப்பிட்டார்கள். படுக்கை கிடைக்காத நேரத்துப் பயம், ஜனங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்டீராய்டு சுகரை ஏற்றும், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களை மந்தமாக்கும், சுகர் எகிறி ரத்தம் அமிலத்தன்மை அடைந்தால் கட்டுண்டிருந்த இரும்புச்சத்து அவிழ்ந்து பூஞ்சைக்கு விருந்தாகும். தனக்குச் சுகர் இருப்பதே தெரியாதவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

கொரோனாவோடு போயிற்று என்று விடவும் முடியாது. கடுமையான ஃப்ளூவோடு ஐசியுவில் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை இருந்ததாக நெதர்லாந்து, பெல்ஜியம் மருத்துவர்கள் 2018லேயே எழுதினார்கள். ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு அது அதிகம் வந்ததையும் பார்த்தார்கள். இங்கே மழைக்காலம் வந்தால் "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்கிறார்கள், சில கடைகளில் அந்த செட்டில் ஒரு டெக்ஸாவும் இருக்கும். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. சாப்பிட்டதும் உடம்பு வலி பறந்துவிடும், கடைக்காரருக்குக் கைராசிக்காரர் என்ற பெயர். எங்கள் தொழிலின் அசிங்கம் இது, வேறு என்ன சொல்ல.

கருப்பு பூஞ்சை நோய் வந்தபின் சிகிச்சை சாதாரணமில்லை. லிப்போசோமல் (கொழுப்புக் குமிழிகளில் அடைத்த) ஆம்போடெரிசின் உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கே 50 மில்லிகிராம் குப்பி ஆறு வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். கிட்னியையும் பொட்டாசியத்தையும் விடாமல் கவனிக்க வேண்டும். இதோடு ஆபரேஷன் வேறு, சிலருக்கு மேல்தாடையோ கண்ணோ போயிற்று.

அடுத்த இதழில் இடம் இருந்தால் இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்: வைரஸ் காய்ச்சலுக்கு ஸ்டீராய்டு எழுதினால் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள், சுகர் பாருங்கள். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி, வீக்கம், மூக்கிலிருந்து கருப்பாகவோ ரத்தமாகவோ கசிவு, மேல் பல் ஆட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது என்று எது இருந்தாலும் அன்றைக்கே ஈ.என்.டி. மருத்துவரிடம் போங்கள். அப்புறம், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதில் வேறு ஆபத்து இருக்கிறது, உங்கள் மருத்துவரைக் கேட்டே எதையும் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தேனி மாவட்டம்