நம் கிட்டார் பிழைத்த கதை

கடலூர்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள்.

“நம்ம கிட்டார் இன்னும் இருக்கா?” என்று கேட்டிருந்தாய். இருக்குடா. தினமும் வாசிக்கிறேன்.

ஃபெஞ்சல் புயல் ஓய்ந்த கையோடு, 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை கரைபுரண்டது உனக்குத் தெரியும். அப்போது பெட்டியோடு நனைந்துவிட்டது. உடனே கம்பிகளைத் தளர்த்தி நிழலில் வைத்தேன். ஊறிய மரத்தை வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முந்திச் சுருங்கிப் பிளந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் பார்த்தால், கம்பிகளைப் பிடித்து நிற்கிற பிரிட்ஜ் கட்டை பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே முன்பலகையில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. தட்டினால், உள்ளே பலகையைத் தாங்குகிற சட்டம் ஒன்று விட்டுப்போய்க் கரகரத்தது.

கடையில் காட்டினேன். ரிப்பேர் செலவுக்குப் புதுசே வாங்கலாம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வழி காட்டியவர் பக்கத்துத் தெரு ஆசாரி. கிட்டாரைத் தொட்டவரே இல்லை, ஆனால் விட்டுப்போன மூட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “வச்சிரம் போட்டு ஒட்டினது தம்பி, திரும்ப வச்சிரமே போடுங்க” என்றார். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற அந்தப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். அதனால்தான் விட்டுப்போனது, அதனால்தான் சேதமில்லாமல் பிரிக்கவும் முடிந்தது. எபாக்ஸி பசையாக இருந்திருந்தால் பலகையையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். வெள்ளைப் பசையும் இந்த இடத்துக்கு ஆகாது. ஆறு கம்பியும் சுருதி சேர்ந்தால் ஏறக்குறைய 70 கிலோ இழுவை. நம்ம ஊர் சூட்டில் அந்த இழுவைக்கு வெள்ளைப் பசை கொஞ்சம் கொஞ்சமாக நழுவும்.

பிரிட்ஜைச் சூடாக்கி, மெல்லிய கத்தியை மர ரேகைக்குத் தோதாக நகர்த்தி நகர்த்தி எடுத்தேன். அவசரப்பட்டால் நார் நாராகக் கிழியும். அடியில் பழைய பசை, வார்னிஷ் எதுவும் இல்லாமல் வெறும் மரம் தெரியச் சுத்தம் செய்தேன். வச்சிரத்தை ராத்திரி ஊறவைத்து, மறுநாள் வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்து 60 டிகிரி அளவில் இளக்கினேன். கொதித்தால் பிடிமானம் போய்விடும். தடவியதும் உறையத் தொடங்கும் என்பதால், கிளாம்ப்புகளை முன்னாலேயே அளவு பார்த்து வைத்திருந்தேன். இறுக்கியபோது ஓரமெல்லாம் தேன் நிறத்தில் முத்து முத்தாகப் பசை பிதுங்கியது. பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

வெடிப்பில் பசையை விரலால் அழுத்தித் தேய்த்தேன். உள்பக்கம் தாங்கலாக மெல்லிய மரத்துண்டுகளை, ரேகை வெடிப்புக்குக் குறுக்கே வரும்படி ஒட்டினேன். கை எட்டாத இடத்தில் மேலே ஒரு காந்தம், துண்டின்மேல் ஒரு காந்தம். இரண்டும் பிடித்துக்கொண்டன. சட்டத்தையும் அதே பசையில் ஒட்டினேன்.

பாலிஷுக்கு பி.யு. (பாலியூரிதேன்) ஸ்ப்ரே அடி, பளபளவென்று இருக்கும் என்று பலர் சொன்னார்கள். நான் அரக்குதான் போட்டேன். பலகை அதிர்ந்தால்தானே சத்தம்? அதன்மேல் கெட்டியாகப் பூசுவது வாயில் துணி அடைக்கிற வேலை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சைப் பொதிந்து, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, சுழற்றிச் சுழற்றி மெல்லிசாக ஏற்றினேன். ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடவே கூடாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது குளிர்கிற பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் மே மாதம் வரைக்கும் காத்திருந்து, மேல்காற்று அடிக்கிற காலை வேளையில் மட்டும் செய்தேன். கடல்காற்று திரும்பியதும் மூடி வைத்துவிடுவேன்.

வெடிப்பின் கோடு இன்னும் தெரிகிறது. நிறம் ஏற்றி மறைக்க எனக்கு விருப்பமில்லை. நீ கையூன்றித் தேய்த்த இடத்தையும் உப்புத்தாள் போடாமல் விட்டுவிட்டேன். அடிக்கம்பி முன்னைவிட நீளமாக நின்று பேசுகிறது, நீயே கேட்டுச் சொல்.

கிறிஸ்துமஸ் லீவுக்குக் குடும்பத்தோடு வா. இப்போதைக்கு இழுவை குறையச் சுருதியை அரைக்கட்டை இறக்கித்தான் கட்டி வைத்திருக்கிறேன். வரும்போது 11 நம்பர் கனத்தில் தொடங்குகிற மெல்லிய கம்பி ஒரு செட் வாங்கி வா, இங்கே 12-தான் கிடைக்கிறது. பிரிட்ஜில் கம்பியைச் செருகிப் பிடிக்கிற முளை இரண்டு உடைந்திருக்கிறது, அதையும் பார்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்