பேசாமல் நடந்தால் பனிச்சரிவு வராதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரப் பயண இணைப்பில் 'பனிமலையில் சத்தம் போடாமல் நடந்தால் பனிச்சரிவைத் தவிர்க்கலாம்' என்று ஒரு வரி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மனிதக் குரலுக்குப் பனி சரியாது என்பது தாங்கள் அறியாததல்ல. மேலே பலகை போல இறுகிய பனி, அதற்கடியில் சர்க்கரை மாதிரி ஒட்டாமல் கிடக்கும் அடுக்கு. ஆள் ஏறினால் அடியடுக்கு நொறுங்கி, பலகை மொத்தமாகக் கிளம்பிவிடும்.

ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் வழிகாட்டியும் 'சத்தம் போடாமல் நடங்கள்' என்றுதான் சொன்னார். முந்தின இரவெல்லாம் பலத்த காற்று. முகட்டுக்கு அந்தப் பக்கம் பனியை வாரிக் குவித்திருந்தது. அந்தச் சரிவில்தான் ஐந்து பேரும் ஒட்டி ஒட்டி, வாய் பேசாமல் நடந்தோம். காலுக்கடியில் 'தும்' என்று ஒரு சத்தம். என் பூட்ஸ் பக்கத்திலிருந்து விரிசல் ஓடியது. முன்னால் போன நண்பரைக் காணோம். கையுறை ஒன்று வெளியே தெரிந்ததால் பிழைத்தார். ஓடி நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகிவிடுகிறது, ஐயா. எங்களிடம் பனி தோண்டும் ஷவல் ஒன்று கூட இல்லை, விரல் நகம் பெயரத் தோண்டினோம். முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு விபத்தை 'எதிர்பாராத இயற்கைச் சீற்றம்' என்று எழுதினீர்கள். உயிர் போன பனிச்சரிவுகளில் சுமார் 90 சதவீதம், சிக்கியவரோ கூடப் போனவரோ கிளப்பிவிட்டவை. அதற்கு முன், 'பனிச்சரிவு அபாய நிலை 3 என்பது நடுத்தரம்தான், கவலை வேண்டாம்' என்று ஒரு கட்டுரை. ஐந்து நிலைகளில் 3 நடுவில் இருக்கிறது, சரி. ஆனால் நிறையப் பேர் செத்துப்போவது அந்த நிலையில்தான். அப்போதே கடிதம் எழுதினேன். வெளியாகவில்லை, பதிலும் இல்லை. அப்புறம் அட்டைப்படத்தில், முகட்டிலிருந்து தொங்கும் பனிக்கூரைக்கு நேர் கீழே ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அதைப் பார்த்து நாளைக்கு எத்தனை பேர் அங்கே போய் நிற்பார்களோ என்று வயிறு கலங்கியது.

நான் கேட்பது பெரிதில்லை. சத்தம் பற்றிய அந்த வரி தவறு என்று அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இனி பனிமலைக் கட்டுரை வந்தால் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி: கிளம்பும் முன் அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படியுங்கள், 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில் கவனம், கடந்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொருவராகக் கடந்து செல்லுங்கள், பனியில் புதைந்தவரைச் சிக்னல் வைத்துத் தேட ஆளுக்கொரு டிரான்ஸ்சீவர், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, ஷவல் இல்லாமல் போகாதீர்கள். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் வந்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்