காவிரியின் பெரிய மீனைக் காக்கத் தூண்டில்காரர்களும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காவிரியின் திமில் மஹ்சீர் 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய மீன். 1946-ல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு (சுமார் 54 கிலோ). அந்த இனம் இப்போது மிக அருகிவிட்டது, நம் நீலகிரி அடிவாரத்து மோயாற்றில்தான் ஓரளவு மிஞ்சியிருக்கிறது.

கர்நாடகத்தில் காவிரிக் கரையில் பீமேஸ்வரி, கலிபோரே முகாம்களில் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட வந்தவர்கள் மீனைப் பிடித்து, எடை பார்த்து, உயிரோடு ஆற்றில் விட்டுவந்தார்கள். அதற்கு முன்பு தோட்டா (வெடி) போட்டு மீன் பிடித்தவர்களே அங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். அது வனவிலங்கு சரணாலயம், அதற்குள் தூண்டில் கூடாது என்று நிறுத்தியதும் அந்த வேலையும் போச்சு, இரவில் ஆற்றங்கரையில் இருந்த கண்களும் போச்சு, தோட்டாக்காரனுக்குத்தான் வசதி.

அதற்காகத் தூண்டில்காரர்களை நான் முழுசாக நியாயப்படுத்தவில்லை. மீன் பெருகட்டும் என்று லோனாவாலா பண்ணையிலிருந்து நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டதில் அவர்களுக்கும் பங்கு உண்டு, அந்த வெளியூர் மீன்தான் நம் மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் வெள்ளை ஸ்டர்ஜன் பிடிப்பவர்கள் அதை ஆற்றிலேயே விட்டாக வேண்டும், பலர் அடையாளச் சில்லு பொருத்திக் கணக்கெடுப்புக்கும் உதவுகிறார்கள். நம் வனத்துறையும் மீன்வளத்துறையும் சேர்ந்து, மோயாற்றைத் தொடாமல், ஒகேனக்கலுக்கு மேலே ஒரு பகுதியிலாவது பரிசல்காரர்களைச் சம்பளத்துக்கு வைத்து இப்படி ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கலாமே. அப்புறம், வெளி மீன்குஞ்சு விடுவதை உடனே நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பென்னாகரம்