ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிப்போர் கவனத்துக்கு

நண்பர்களே, அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கும் முன், நெறியாளராக, அதாவது உங்கள் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியராக, வரக்கூடியவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பல துறைகளில் அவர் ஒப்புக்கொண்டால்தான் இடம்.

அவருடைய அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது முழுதாகப் படியுங்கள். சுருக்கத்தை மட்டும் படித்து எழுதினால் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். மின்னஞ்சல் 200 சொற்களுக்குள் இருக்கட்டும்: எந்தக் கட்டுரையில் எந்த முடிவு உங்களை ஈர்த்தது, அதிலிருந்து எழும் உங்கள் கேள்வி, உங்களுக்குத் தெரிந்த ஆய்வு முறைகள். தன்விவரத்தையும் மதிப்பெண் பட்டியலையும் ஒரே பிடிஎஃப்பாக இணையுங்கள். ஒரே கடிதத்தைத் துறை முழுக்க அனுப்பாதீர்கள். அவர்கள் பேசிக்கொள்வார்கள், ஒருவரும் பதில் போடமாட்டார்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் எழுதுபவருக்கு ஒரு மாத அவகாசம் கொடுங்கள். பதவி பெரிதென்று பார்க்காமல், உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவரிடம் கேளுங்கள்.

உதவித்தொகை விஷயத்தில் கூச்சமே வேண்டாம். பணம் பல்கலைக்கழகத்துடையதா, நெறியாளரின் ஆய்வுத் திட்டத்துடையதா? திட்டப் பணமென்றால், திட்டம் முடிந்ததும் என்ன ஆகும்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்குங்கள். சேருமுன், அந்த நெறியாளரிடம் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடமும் பேசிவிடுங்கள்.