இயற்கைக் கல்பாலத்தின்மேல் நடக்கச் சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நமது மொரீசியஸ் தீவின் தென்கரையைப் பற்றி வந்திருந்த பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். சுற்றுலா என்றாலே வடக்கிலும் மேற்கிலும் உள்ள மணற்கரைகளைத்தான் பலரும் எழுதுகிறார்கள். லெஸ்காலியே ஊரைத் தாண்டி, கரும்புத் தோட்டங்களுக்கு இடையே செல்லும் மண்தடத்தின் முடிவில் இருக்கும் போன் நத்துரெல் என்னும் இயற்கைக் கல்பாலத்தை உங்கள் கட்டுரையாளர் எடுத்துக்கொண்டது பாராட்டுக்குரியது. ஆனால், கடல் உள்வாங்கியிருக்கும் நேரம் பார்த்துப் போனால் பாலத்தின் நடுவில் நின்று குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் கூறியிருக்கும் யோசனை ஆபத்தானது. அதை மறுக்கவே இந்தக் கடிதம்.

நம் தீவைச் சுற்றிலும் ஓதத்தின், அதாவது கடல் நாள்தோறும் ஏறி இறங்குவதன், ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கடல் உள்வாங்கும் நேரம் என்று அட்டவணை பார்த்துப் போவதால் அந்த இடத்தில் கிடைக்கும் பாதுகாப்பு மிகச் சொற்பம். அங்கே அஞ்ச வேண்டியது அலையை. தீவின் பெரும்பகுதிக்குப் பவளப்பாறைத் திட்டு ஒரு மதிலாக நின்று அலையின் வேகத்தைத் தணித்துவிடுகிறது. சுயாக் அருகிலுள்ள கிரி கிரி முதலாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் தென்கரையின் ஒரு பகுதியில் அந்த மதில் இல்லை. தென்பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயல் எழுப்பிய அலைகள், சில நாள் கழித்து, இங்கே வானம் தெளிந்து காற்று ஓய்ந்திருக்கும் வேளையிலும் நேராக வந்து கரும்பாறையில் மோதும். 2007 மே மாதத்தில் ரிவியேர் தே கலே கிராமத்து வீடுகளுக்குள் கடல் புகுந்தது இப்படிப்பட்ட அலைகளால்தான். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இதனைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதத்தில் குமரிக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐவர் மாண்ட செய்தியை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சென்ற ஆகஸ்டு மாதம் அக்கா குடும்பத்துடன் நானும் அங்கே சென்றிருந்தேன். பாலத்தின் மேற்பரப்பு அகலமாக, ஏறக்குறைய சமதளமாக, யாரையும் வா என்று அழைப்பதுபோலவே இருக்கிறது. "காற்றே இல்லையே மாமா, ஒரே ஒரு படம்" என்று அக்கா மகன் கேட்டான். சற்றுப் பொறு என்று சொல்லி, பின்னால் தள்ளி நின்று கவனித்தோம். பல அலைகள் சாதுவாக வந்து பாலத்தின் கீழே நுழைந்து, உள்ளே இருக்கும் சிறு கழியில் சுழன்று திரும்பின. பிறகு வந்த ஓர் அலை வளைவை முழுவதும் அடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. நாங்கள் நின்ற பாறையே காலடியில் அதிர்ந்தது. அதுவரை உலர்ந்து கிடந்த நடுப்பகுதியின் மேல் இருபக்கமிருந்தும் நீர் எழுந்து விழுந்தது. சிறு சிறு காற்றுத் துளைகள் நிறைந்த அந்தக் கல் நனைந்தபின் எவ்வளவு வழுக்கும் என்பது நம் ஆற்றங்கரைகளில் நடந்தவர்களுக்குத் தெரியும். பையன் அதன்பின் கேட்கவில்லை.

பாலம் எப்படி உண்டானது என்பதையும் கட்டுரையில் ஓரிரு வரி சேர்த்திருக்கலாம். எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது சுருங்குவதால் பசால்ட் பாறையில் பிளவுகள் விழுகின்றன. அலை மோதும்போது அந்தப் பிளவுகளுக்குள் காற்று அழுத்தப்பட்டு, அலை பின்வாங்கியதும் சட்டென்று விரிகிறது. ஓயாமல் இது நிகழ்வதால் கல் துண்டு துண்டாகக் கழன்று குகை உண்டாகிறது. குகையின் கூரையில் துளை விழுந்தால் நீர் அதன் வழியே பீறிட்டு எழும். அருகிலேயே இருக்கும் லே சூஃப்ளேர் அந்த நிலையில் உள்ளது. கூரையின் பெரும்பகுதி இடிந்து, ஒரு பட்டை மட்டும் எஞ்சினால் அதுதான் பாலம். ஆகவே நாம் பாலம் என்று பார்ப்பது, இடிந்துகொண்டிருக்கும் ஒரு குகையின் கடைசிக் கூரை. மனிதர் நடப்பதால் மட்டும் அது விழுந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. அதன் சொந்த எடைக்கு முன்னால் நம் எடை எம்மாத்திரம்? எந்தப் பிளவு எப்போது முழுமையாகத் திறக்கும் என்பதை மேலே நிற்பவர் கண்ணால் கண்டுகொள்ள முடியாது என்பதே என் கவலை.

இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் லண்டன் பிரிட்ஜ் என்ற இரட்டை வளைவுப் பாறையின் கரையோர வளைவு 1990 ஜனவரியில் திடீரென்று விழுந்தது. அப்பால் சிக்கிக்கொண்ட இருவரை ஹெலிகாப்டரில்தான் மீட்க முடிந்தது. மால்டாவின் கோசோ தீவிலிருந்த அஸூர் விண்டோ என்ற கல்வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் அடியோடு சரிந்தது. அவை சுண்ணாம்புப் பாறைகள், நம்முடையது அதைவிட உறுதியானது என்று சிலர் சொல்லலாம். கல் உறுதியாக இருந்தாலும் பிளவு பிளவுதான். கடலே எட்டாத திருமலையில், பசால்ட்டைவிடக் கடினமான குவார்ட்சைட் பாறையாலான இயற்கைக் கல்வளைவான சிலாதோரணத்தையே வேலியிட்டு, வெளியில் நின்று பார்க்க வைத்திருக்கிறார்கள். அங்கே சென்று வந்த நம்மவர்கள் யாரும் அதனால் குறைந்துபோனதாகச் சொல்லிக் கேட்டதில்லை.

அங்கே போகவே கூடாது என்பதல்ல என் கருத்து. பிள்ளைகளை அவசியம் அழைத்துச் செல்ல வேண்டும். பக்கத்துக் கரையில், விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றால் வளைவும், அதன் கீழே நுரைத்து ஓடும் நீரும் ஒருசேரத் தெரியும். பாலத்தின் மேலே நிற்பவருக்கு அந்த வளைவே தெரிவதில்லை. மழைக்குப் பிறகு தோட்டத்து மண்தடத்தில் சிறிய கார்கள் புதைந்துவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

தைப்பூசக் காவடி விடுமுறையை ஒட்டி உறவினர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் ரெயூனியனிலிருந்தும் வருவார்கள்; அவர்களில் பலர் உங்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டே தென்கரைக்குப் புறப்படுவார்கள். அதற்கு முந்தைய இதழிலேயே, கட்டுரை வெளிவந்த அதே பக்கத்தில், பாலத்தின்மேல் ஏற வேண்டாம் என்று ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இணையப் பதிப்பிலும் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்