சுவரில் முகம் தந்தவர்களுக்கும் சுவர் தந்தவர்களுக்கும்

திருநங்கைத் தோழிகளின் உருவப்படக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் இந்த நன்றிக் குறிப்பில் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி படங்களில் இருக்கும் அக்காக்களுக்கு. கேமரா என்றாலே உங்களுக்குக் கசப்பு. கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவில், தாலி அறுத்து வளையல் உடைக்கிற நேரத்தில், முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டும் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். கேட்டு எடுப்பவர்கள் குறைவு. எல்லோருக்கும் அழுகிற முகம்தான் வேண்டும். அதனால்தான் இங்கே கூவாகத்தில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. எங்கே உட்காருவது, என்ன உடுத்துவது, எது சுவருக்குப் போவது எல்லாம் நீங்கள் முடிவு செய்தது. "மூஞ்சி வேணாம், கை போதும்" என்றார் தையல் அக்கா. ஊசியில் நூல் கோக்கும் அந்தக் கையைத்தான் பலர் நின்று பார்த்தார்கள்.

ஒப்புதல் படிவத்தை எளிய தமிழில் எழுதித் தந்த வழக்கறிஞர் தோழருக்கு நன்றி. தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று ஏற்றதே, முகத்தைக் காட்டுவதும் மறைப்பதும் மட்டும் வேறு யார் கையில் இருக்க முடியும் என்று கேட்டவர் அவர். எப்போது வேண்டுமானாலும் படத்தைத் திரும்பப் பெறலாம் என்ற வரியும் அவர் சேர்த்ததுதான். திறப்புக்கு முதல் நாள் ஒருவர் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டோம், காரணம் கேட்கவில்லை.

அப்புறம் லேப் அண்ணன். நம் ஊரில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக்கூட வெளுக்காமல் தர மாட்டார்கள். நிறத்தைத் தொடாதீர்கள் என்றதும், "அப்புறம் கஸ்டமர் என்னைத்தான் திட்டுவாங்க தம்பி" என்றார். ஸனேலே முஹோலியின் படங்களைக் காட்டினேன். தென்னாப்பிரிக்காவின் கருப்பின லெஸ்பியன்கள், திருநர்களின் முகங்களை 2006 முதல் பதிவு செய்துவருபவர். தன்னையே எடுத்த படங்களில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டித் தோலை இன்னும் கருப்பாக்கிக் காட்டியவர். அண்ணன் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு சோதனை பிரிண்ட்டையும் டியூப்லைட்டில் ஒருமுறை, வாசல் வெயிலில் ஒருமுறை பிடித்துப் பார்த்துத்தான் அடுத்ததைப் போட்டார். பளபளப்பு வேண்டாம், மேட் பேப்பர் போடலாம் என்பதும் அவர் யோசனை.

விஷயத்தைக் கேட்டதும் தேதி இல்லை என்று கைவிரித்த மண்டபங்களுக்கு நடுவே, டியூஷன் நடக்கும் மாடியை வாடகை இல்லாமல் திறந்துவிட்ட அம்மாவுக்கும், ஆணி அடித்த தம்பிகளுக்கும் நன்றி.

அக்காக்கள் அவரவர் பிரிண்ட்டை ஃபிரேமோடு எடுத்துக்கொள்ளுங்கள். வர முடியாதவர்களுக்குக் கொண்டுவந்து தருகிறேன். ஃபைல்களும் உங்களுடையவைதான், பென் டிரைவ் கொண்டு வாருங்கள்.