'வெறும் அடையாளம்' என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவ வழிபாட்டில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் நற்கருணை பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, "கத்தோலிக்கருக்கு அது கிறிஸ்துவின் உடல், புராட்டஸ்டன்ட் சபையாருக்கு வெறும் அடையாளம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. நான் கத்தோலிக்கப் பெண். வாழ்க்கைப்பட்டது லுத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பத்தில். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

அப்பத்தின் உட்பொருளே மாறிவிடுகிறது என்ற எங்கள் போதனையை, லுத்தரன் சபைக்கு வழிவகுத்த மார்ட்டின் லுத்தர் ஏற்கவில்லை என்பது உண்மை. ஆனால் அடையாளம் என்று சொன்னவர்களோடுதான் அவர் கடுமையாக மோதினார். 1529-இல் ஜெர்மனியின் மார்புர்க் நகரில், சுவிஸ் நாட்டுச் சீர்திருத்தவாதி சுவிங்லியோடு விவாதிக்க உட்கார்ந்தபோது, 'இது என் உடல்' என்ற வசனத்தை லத்தீனில் மேஜைமேல் சாக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டார். 'இருக்கிறது' என்றால் 'குறிக்கிறது' என்றே பொருள் என்றார் சுவிங்லி. (நம் பழைய வேதாகமத்தில் 'சரீரமாயிருக்கிறது' என்று வரும், பொது மொழிபெயர்ப்பில் 'இது எனது உடல்' என்பதோடு சரி. எந்தச் சொல்லுக்காக அவர்கள் வாதாடினார்களோ, அது அங்கே இல்லவே இல்லை!) பதினான்கு விஷயங்களில் ஒத்துப்போன அந்த இருவரும் இந்த ஒன்றில் ஒத்துப்போகவில்லை. ஐரோப்பாவில் அவர்கள் வழிவந்த சபைகள் பல, ஒரே பந்தியில் சேர லாய்ன்பெர்க் உடன்பாட்டில் இணங்கியது 1973-இல்தான்.

என் மாமியார் படுத்த படுக்கையாக இருந்தபோது குருவானவர் வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுப்பார். முதுகைத் தாங்கிப் பிடித்திருப்பது என் வேலை. ஒருநாள் அப்பத்தின் துணுக்கு ஒன்று போர்வையில் விழுந்துவிட்டது. பார்வை மங்கிய அவர் விரல்நுனியால் துணியைத் தடவித் தடவித் தேடி, ஒற்றி எடுத்து வாயில் வைத்துக்கொண்ட பிறகுதான் தலையணையில் சாய்ந்தார். ஆண்டவர் அதில் வருகிறார் என்று நம்பியவர் அவர்.

நற்கருணை என்பது கிறிஸ்துவை நினைவுகூருதல் என்று நம்புகிறவர்களையும் 'வெறும்' என்ற சொல் சரியாகச் சொல்லாது. என் நாத்தனார் அப்படி நம்பும் பாப்டிஸ்ட் சபைக்குப் போகிறவர். நற்கருணையை அவர்கள் திருவிருந்து என்பார்கள். ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்குப் போன் செய்து, "அன்னைக்கு உங்க மனசு நோகப் பேசிட்டேன் அண்ணி, மன்னிச்சிடுங்க. நாளைக்குத் திருவிருந்து இருக்கு" என்று அழுதார்.

வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. என் கணவர் பீடத்தண்டை முழங்காலிடும்போது நான் இருக்கையிலேயே இருக்கிறேன். நான் நன்மை (நற்கருணை) வாங்கப் போகும்போது அவர் உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்கு அது இன்றும் வலிக்கிறது. வெறும் அடையாளமாக இருந்தால் இத்தனை வலிக்காது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி